கல்வெட்டு வைத்த இணைப்பு

எங்கள் நிலையத்தில் எதையும் திறந்துவைக்க ஆள் இருந்தார்கள். மூடத்தான் யாருக்கும் அதிகாரம் கிடையாது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, உள்ளே திரும்புகிற பாதையில் இருந்தது மண்டல நீரிறைப்பு இயந்திரத் தரச்சோதனை நிலையம். பேர்தான் பெரிசு, வேலை ஒன்றே ஒன்று. சுற்றுவட்டாரப் பட்டறைகளில் செய்கிற மோட்டார் பம்பைக் கொண்டுவந்து கொடுத்தால், கொட்டகையில் வைத்து ஓட்டிப் பார்த்து, எவ்வளவு தண்ணீர் இறைக்கிறது, எவ்வளவு கரண்டு குடிக்கிறது என்று அளந்து, சரியாக இருந்தால் சான்றிதழ் தர வேண்டும். பெரிய கம்பெனிகளின் பம்புகளுக்குச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. அவை தரமானவை என்று அந்தக் கம்பெனிகளே அச்சடித்த காலண்டரில் போட்டிருந்தது, அந்தக் காலண்டர் இயக்குநர் அறையில் தொங்கியது. ஆக, சோதனை சின்னப் பட்டறைக்காரர்களுக்கு மட்டும்.

நான் ரிஃபத். அங்கே தற்காலிக புரோகிராமர். தற்காலிகம் என்பதை வேறு இடங்களில் ஒரு நிலைமை என்பார்கள், எங்கள் நிலையத்தில் அது ஒரு பதவி. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தற்காலிகமாகவே தலை நரைத்து, தற்காலிகமாகவே ஓய்வு பெற்றார். நான் கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். 1999-இல் நடந்த கதை இது.

காலையில் அவசரத்தில் 'அம்மா, நான் போறேன்' என்று வாய் தவறிவிட்டால் தீர்ந்தது. என் அம்மா பாத்திமுத்து வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுத்து, 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவைத்துத்தான் விடுவாள். போறேன் என்பது திரும்பி வராதவர்கள் சொல்கிற வார்த்தையாம். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இந்தச் சட்டம் உண்டு. கம்ப்யூட்டருக்கும் உண்டு என்பதை நிலையத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் எழுதிக் கொடுத்த புரோகிராம் சின்னது. கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர், அலுவலகத்தில் ஒன்று, நடுவில் ஒயர். கொட்டகைக் கம்ப்யூட்டர் அளவுகளைச் சொல்லும், அலுவலகக் கம்ப்யூட்டர் கேட்டு எழுதிக்கொள்ளும். பேச்சு முடிந்ததும் இணைப்பை மூடிவிட்டுச் சான்றிதழை அச்சடிக்கும். நடுவில் குறித்துக்கொண்ட துண்டுக் கோப்புகளைக் கடைசியில் அழித்துவிடும். பைத்தான் மொழியில் எழுதியிருந்தேன். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற இந்த மாதிரி இணைப்புக்கு சாக்கெட் என்று பேர். அதில் கற்றுக்கொள்ள வேண்டிய புத்தி ரொம்பக் கொஞ்சம்தான். திறந்தால் மூடு, குப்பை போட்டால் கூட்டு. பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்கிற அதே விஷயம்.

சோதனை ஓட்டத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம்தான் திறப்புவிழா வந்தது.

மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து இணைப்பைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. நாடாவை எங்கே கட்டுவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தார்கள். ஒயரில் கட்டிப் பார்த்தார்கள், தொங்கிப்போனது. கடைசியில் கம்ப்யூட்டர் அறைக் கதவில் கட்டுவதென்று முடிவாகி, கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கருங்கல்லில் கல்வெட்டும் பதித்தார்கள். 'கொட்டகைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான மின்னணு இணைப்பு இன்று திறந்துவைக்கப்பட்டது' என்று அதில் வெட்டியிருந்தது. பெரியவர் பேர் கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே இயக்குநர் சீனிவாசலுவின் பேர் அதைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சின்ன எழுத்தில்.

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநர் என் புரோகிராமைக் காகிதத்தில் அச்செடுத்துத் தரச் சொன்னார். அவரும் கண்காணிப்பாளர் தம்பிதுரையும் காப்பி குடித்துக்கொண்டே படித்தார்கள். 'குளோஸ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தது.

"இதென்னங்க அம்மணி, திறந்த கையோட மூடறதுன்னு எழுதி வெச்சிருக்கீங்க?" என்றார் இயக்குநர். "நாளைக்கு நல்ல காரியம். பெரியவரு திறந்துவெச்சதை மூடறதுக்கு நாம யாருங்க?"

மூடினால்தான் சான்றிதழ் வரும், மூடினால்தான் அடுத்த பம்பின் முறை வரும் என்று விளக்கினேன். டெலிபோனில் பேசி முடித்தால் ரிசீவரை வைப்பதில்லையா என்றும் கேட்டேன். தம்பிதுரை என்னைப் பாவமாகப் பார்த்தார். வீட்டில் விளக்கையே அணைக்கிறேன் என்று சொல்லாத ஜனம் நாம், அரசாங்கக் கம்ப்யூட்டர் வாயிலிருந்து மூடு என்று வரலாமா என்று அவர் கேட்டார்.

அந்த இடத்திலேயே உத்தரவு பிறந்தது. மூடுகிற வரி நீக்கப்படும். கொட்டகைக் கம்ப்யூட்டர் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு இளையது, ஆகவே வேலை முடிந்ததும் அது தானாகப் போகக் கூடாது. 'வாரேனுங்க' என்று உத்தரவு கேட்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர் பெரிய இடம். வந்தவரைப் போ என்று சொல்வது பெரிய இடத்துக்கு அழகல்ல. 'இருங்க, சாப்பிட்டுட்டுப் போலாமுங்க' என்று பதில் தர வேண்டும். இப்படி நடந்த மரியாதைகளை ஒவ்வொன்றாகத் துண்டுக் கோப்பில் பதிய வேண்டும்.

"அப்ப யாரு சார் முடிக்கிறது?" என்று கேட்டேன்.

"யாரும் முடிக்க வேண்டாமுங்க. அதுதானுங்க மரியாதை."

இது வேலைக்காகாது, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும் என்று சொன்னேன். தற்காலிகப் பணியாளரின் கருத்து தற்காலிகமாகக் கேட்டுக்கொள்ளப்பட்டது என்று தம்பிதுரை குறிப்பு எழுதினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தேன். கையோடு இன்னொரு மாற்றமும் கேட்டார் இயக்குநர். அவருக்கு வாரத்தில் பாதி நாள் விழா இருக்கும், கையெழுத்துப் போட நேரமிருக்காது. ஆகவே சான்றிதழோடு சேர்த்து அவர் கையெழுத்தையும் கம்ப்யூட்டரே அச்சடிக்க வேண்டும், பெரிதாக. அதையும் செய்தேன்.

விழா நடந்தது. பெரியவர் நாடா வெட்டினார். அன்றிலிருந்து அந்தக் கதவையும் மூடக் கூடாது என்றாகிவிட்டது. ஏசி ஒரு பக்கம் ஓட, குளிரெல்லாம் வராந்தாவுக்குப் போக, நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திறந்துவைத்த இணைப்பில் முதலில் ஏறியது மாரியாத்தாளின் பம்பு.

மாரியாத்தாள் துடியலூர்க்காரி. அவளைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் பாடுபட்டவர்கள். அவள் ஒரு மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலைக்குப் போய், பத்து வருஷம் சுற்றி, எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதற்காக வெளியே வந்து, சொந்தமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, தானே பம்பு செய்ய ஆரம்பித்தவள். இரண்டு பெண்கள் அவளிடம் வேலை செய்தார்கள். விவசாயிகளுக்குப் பம்பு கொடுக்கிற மாவட்டத் திட்டம் ஒன்று அப்போது வந்திருந்தது. சனிக்கிழமை காலைக்குள் சான்றிதழைக் காட்டினால் அவள் பம்பு அதில் சேரும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான், அதுவரை அவள் கொட்டகை தாக்குப்பிடிக்காது. பழைய பட்டறை முதலாளி அவளிடம் ஆள் விட்டிருந்தாராம். பட்டறையை மூடிவிட்டு வா, சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் பின்வாசல் வழியாக வா என்று. இதை என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறியது.

"அந்தப் பின்வாசல்ல நான் மறுபடி கால் வெக்கமாட்டேன் கண்ணு" என்றாள். "செத்தாலும் வெக்கமாட்டேன்."

திங்கட்கிழமை அவள் பம்பு ஓடியது. நன்றாக ஓடியது. கேட்ட அளவைவிட அதிகமாகத் தண்ணீர் தள்ளியது. கொட்டகைக் கம்ப்யூட்டர் எல்லா அளவையும் சொல்லி முடித்து, 'வாரேனுங்க' என்றது. அலுவலகக் கம்ப்யூட்டர் 'இருங்க, சாப்பிட்டுட்டுப் போலாமுங்க' என்றது. கொட்டகையது இளையது, இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'வாரேனுங்க' என்றது. மறுபடி 'இருங்க'. சாயங்காலம் வரை இதுவே நடந்தது, ராத்திரியும் நிற்கவில்லை. கேட்டில் நின்றுகொண்டு இரண்டு சம்பந்திகள் விடைபெறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படித்தான். ஆனால் சம்பந்திகளுக்குக் கால் வலிக்கும்.

இயக்குநருக்குப் பெருமை தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, வந்த விருந்தாளிகளையெல்லாம் அழைத்துவந்து திரையைக் காட்டினார். வெளிநாட்டுக் கம்ப்யூட்டர்கள் வேலை முடிந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகின்றன, நம்முடையதைப் பாருங்கள் என்றார். விருந்தாளிகள் தலையாட்டினார்கள். மாரியாத்தாளும் அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, எம்பட மோட்டாரு பாஸாயிருச்சுங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

பாஸாகிவிட்டது என்றேன். அப்படியானால் சான்றிதழ் எங்கே என்றாள். கம்ப்யூட்டர்கள் இன்னும் விடைபெறவில்லை என்றேன்.  நான் விளையாடுகிறேனா என்று யோசித்திருப்பாள். அதைச் சொன்ன எனக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை வேறு தலைவலி. ஒவ்வொரு 'வாரேனுங்க'வுக்கும் ஒரு துண்டுக் கோப்பு, ஒவ்வொரு 'இருங்க'வுக்கும் ஒன்று. டிஸ்க் நிரம்பி வழியத் தொடங்கியது. இவை தற்காலிகக் கோப்புகள், வேலை முடிந்ததும் அழிப்பதற்கென்றே இருப்பவை, அழித்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். உடனே குழு கூடியது. குழு என்றால் இயக்குநர், தம்பிதுரை, ஒரு தட்டு மிக்சர்.

நிலையத்தின் பேரால் உருவான எதையும் அழிக்கக் கூடாது என்று குழு கருதியது. தற்காலிகம் என்ற சொல்தான் அழிப்பதற்கு இடம் கொடுக்கிறது என்பதையும் கண்டுபிடித்தது. ஆகவே அந்தக் கோப்புகள் எல்லாவற்றையும் அன்று முதல் நிரந்தரம் ஆக்கியது. 'வாரேனுங்க' கோப்புகள் ஒரு தரம், 'இருங்க' கோப்புகள் அதற்கு ஒரு படி மேலே. திங்கட்கிழமை பிறந்த கோப்பு புதன்கிழமை நிரந்தரமானது. நான் அங்கே நாலு வருஷமாகத் தற்காலிகம். இதை நான் வாய்விட்டுச் சொன்னபோது, பொறாமைப்படக் கூடாது அம்மணி என்றார் தம்பிதுரை.

டிஸ்க்கில் இடம் வேண்டுமே என்றேன். அதற்கும் குழு வழி வைத்திருந்தது. மாரியாத்தாள் பம்பின் அளவுகள் இன்னும் முடிவடையாத பேச்சைச் சேர்ந்தவை, ஆகவே அவற்றுக்கு எந்தத் தகுதியும் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றை அழித்து, நிரந்தரக் கோப்புகளுக்கு இடம் பண்ண வேண்டியது. பம்பு உரிமையாளர் விரும்பினால் அடுத்த வருஷம் மறுபடி சோதனைக்குக் கொடுக்கலாம்.

 மோட்டார் ஓடியதற்கு இருந்த ஒரே சாட்சி அது. அதை அழித்துவிட்டு, ஆயிரக்கணக்கான 'சாப்பிட்டுட்டுப் போலாமுங்க'வைப் பத்திரப்படுத்தப் போகிறார்கள். வியாழக்கிழமை முழுக்க இயக்குநர் அறை வாசலில் நின்றேன். அவர் ஒரு வங்கிக் கிளையைத் திறந்துவைக்கப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாரியாத்தாள் வந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, நேராகக் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சாயங்காலம் அழித்துவிடுவார்கள் என்பதையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. இயக்குநரைக் கூப்பிடச் சொன்னாள். அவரே வந்தார், பின்னால் தம்பிதுரையும்.

இயக்குநர் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். மரியாதையில் அவரை ஒரு குறை சொல்ல முடியாது. பிறகு கல்வெட்டின் பக்கம் கையைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"இந்த நெலையம் ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பேர்ல ஒரு புகார் உண்டுங்களா? கெடையாதுங்க. ஏன்? நாம குடுத்த சான்றிதழ்ல தப்புன்னு யாராச்சும் சொல்லோணும்னா, மொதல்ல நாம சான்றிதழ் குடுத்திருக்கோணுமில்லீங்க? தொடங்கினதெல்லாம் நடந்துட்டு இருக்குது. நடந்துட்டு இருக்கற வேலையில தப்புக் கண்டுபுடிக்க ஆடிட்டுக்காரங்களாலயே ஆகாதுங்க. முடிச்சாத்தானுங்க வம்பு. நான் ரிடையராகற வரைக்கும் இங்க எதுவும் முடியாதுங்க. அது நான் இந்த மாவட்டத்துக்குச் செய்யற சேவை."

தம்பிதுரை கை தட்டினார். பழக்கம்தான்.

மாரியாத்தாள் தண்ணீர் டம்ளரைத் தொடாமல் கீழே வைத்தாள். "எம்பட மோட்டாரு தண்ணி எறைச்சுப்போட்டுதுங்க" என்றாள். "அதும்பட வேலைய அது முடிச்சுப்போட்டுது. உங்குளுது முடியலீன்னா அது எம்பட தப்புங்களா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவே போகிற ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டாள். எல்லாரும் திரும்ப அலுவலகத்துக்கு வந்து திரையைப் பார்த்தோம். கடைசியாகச் சொன்ன 'சாப்பிட்டுட்டுப் போலாமுங்க' அப்படியே நின்றது. ஒயர் போனது அதற்குத் தெரியாது. நேரக் கெடு எதுவும் வைக்காமல் காத்திருக்கச் சொன்னால் சாக்கெட் அப்படித்தான், எதிராளி செத்தாலும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'பார்த்தீங்களா, அசைச்சுக்க முடியாது' என்று இயக்குநர் பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் விட்டுப்போனது. நாலு வருஷமாக எதற்குப் பயந்தேன் என்று யோசித்தேன். நிரந்தரமாக்காமல் விட்டுவிடுவார்கள் என்றா? இவர்கள் எதையும் முடிக்க மாட்டார்கள், என் தற்காலிகத்தையும் சேர்த்துத்தான். மாரியாத்தாளிடம் ஒயரை மறுபடி செருகிவிட்டு வரச் சொன்னேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அங்கிருந்தபடியே, கொட்டகையில் ஓடுவதை ஒயர் வழியாகவும் சேர்த்து, இரண்டு புரோகிராமையும் நிறுத்தினேன். தம்பிதுரை ஐயோ என்றார். செய்கிறதை ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை, ஒவ்வொரு வரியையும் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே அடித்தேன்.

"இந்த வாரேனுங்க, இருங்க ரெண்டையும் எடுத்தாச்சு சார். அளவைச் சொல்லி முடிச்சா 'முடிஞ்சது'ன்னு சொல்லும், அவ்வளவுதான். பதில் வரலைன்னா கொஞ்ச நேரம் பார்க்கும், அப்புறம் கிளம்பிரும். இது ட்ரை. இதுக்குள்ள வேலை. இது ஃபைனலி. நடுவுல தப்பு வந்தாலும் வராட்டியும் ஃபைனலிக்குக் கீழ இருக்கறது நடந்தே தீரும். ஃபைனலிக்குக் கீழ, இணைப்பை மூடு. அதுக்குக் கீழ, துண்டுக் கோப்பை அழி."

"அதெல்லாம் நிரந்தரக் கோப்புங்க" என்றார் தம்பிதுரை.

அலுவலகப் புரோகிராமை ஓட்டினேன். 'இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்று வந்து நின்றுவிட்டது. இயக்குநர் முகம் மலர்ந்தது. உள்ளே யாரோ இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், எழுப்புவது மரியாதையில்லை, விட்டுவிடுங்கள் என்றார். உட்கார்ந்திருந்தது பழைய இணைப்பின் மிச்சம். நிறுத்திய கையோடு திரும்ப ஓட்டினால் கொஞ்ச நேரம் இப்படித்தான் அடம்பிடிக்கும். அதே முகவரியை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். அந்த வரியையும் அடித்தேன். மறுபடி ஓட்டினேன், ஓடியது.

திங்கட்கிழமை அளந்த அளவுகள் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. கொட்டகைக் கம்ப்யூட்டர் இணைந்து, 'முடிஞ்சது' என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு விலகியது. இணைப்பு மூடிக்கொண்டது. துண்டுக் கோப்புகள் மறைந்தன, ஒரு படி மேலே இருந்தவையும் சேர்ந்துதான். பிரிண்டர் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. மாரியாத்தாள், துடியலூர், அளவுகள், தேறியது. எல்லாவற்றுக்கும் கீழே, பெரிதாக, இயக்குநர் சீனிவாசலுவின் கையெழுத்து.

அவர் எட்டிப் பார்த்தார். தன் கையெழுத்து முடிந்துபோன ஒரு வேலைக்குக் கீழே இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். உட்கார்ந்துவிட்டார்.

காகிதத்தைக் கிழித்து மாரியாத்தாள் கையில் கொடுத்தேன். அவள் ஒரு முறை படித்தாள். மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியே போனாள். துடியலூர் போகிற பஸ் அப்போது ரோட்டில் ஆரன் அடித்தது.

யாருடைய அனுமதியில் மூடினீர்கள் என்று தம்பிதுரை கேட்டார். விளக்கம் எழுதித் தர வேண்டும், விசாரணை தொடங்கும் என்றார். அது எப்போது முடியும் என்று கேட்டேன். நான் டிபன்பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இயக்குநர் பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கினார். "இருங்க அம்மணி, காப்பி சாப்பிட்டுட்டுப் போலாமுங்க."

"போறேனுங்க" என்றேன்.

தம்பிதுரை பதறிப்போனார். "அப்படிச் சொல்லக் கூடாதுங்க அம்மணி. போயிட்டு வாரேன்னு சொல்லுங்க."

"போறேனுங்க" என்று இன்னொரு தரம் சொன்னேன். வெளியே வந்து, கல்வெட்டுக்குப் பக்கத்தில் அத்தனை நாளும் திறந்தே கிடந்த கதவைக் கையால் பிடித்து இழுத்துச் சாத்தினேன்.